கடன்காரரிடம் கணக்குக் கேட்டவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் யார்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், 1947 நவம்பர் 26. அந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். அதைவிடப் பெரிய வேலைகளை அவர் பேச்சுவார்த்தை மேசையில் செய்தார்.

சென்னையில் சட்டம் படித்தவர். ஆனால் கோவை நகராட்சி, சென்னைச் சட்டசபை, டெல்லி மத்திய சட்டசபை என்று பொதுவாழ்வு அவரை இழுத்துக்கொண்டது. 1932-ல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த பேரரசு நாடுகளின் வர்த்தக மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் அவரும் இருந்தார். பிரிட்டிஷ் சரக்குக்கு இங்கே சுங்கச் சலுகை, நம் சரக்குக்கு அங்கே சலுகை என்று ஒப்பந்தமானது. தேசியவாதிகள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆட்சியுரிமை இல்லாத நாடு சரிசமமாக எப்படிப் பேரம் பேசும்? 1933-ல் மத்திய சட்டசபையின் தலைவரானவர், 1934 தேர்தலில் தோற்றுப்போனார். பிறகு 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான், அதாவது முதன்மை அமைச்சர். எர்ணாகுளத்தில் இன்றும் சண்முகம் சாலை இருக்கிறது.

நான் மிகவும் மதிக்கிற கட்டம் இனிமேல்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவிடம் சரக்கும் சேவையும் வாங்கிக்கொண்டு, விலையை லண்டனில் பவுண்டுக் கணக்கில் வரவு வைத்தது. 1943-ல் வங்கத்தில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோதும் அந்த வரவு ஏறிக்கொண்டே போனது. நம் பணம், நம்மால் எடுக்க முடியாது! போருக்குப் பிந்தைய உலகப் பண ஏற்பாட்டை முடிவுசெய்ய 1944-ல் 44 நாடுகள் அமெரிக்காவில் கூடிய பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில், செட்டியாரும் இந்தியக் குழுவின் இன்னொரு உறுப்பினரான ஏ.டி. ஷ்ராஃபும் இதை எழுப்பினார்கள். புதிதாக வரும் பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) வழியாக இதில் ஒரு பகுதியையாவது மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்றார்கள். இது இரு நாடுகளுக்கு இடையிலான விவகாரம் என்று பிரிட்டன் கதவைச் சாத்தியது.

1948-ல் அதே வழக்கோடு லண்டனுக்குப் போனார் செட்டியார், இம்முறை சுதந்திர நாட்டின் நிதியமைச்சராக. இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்குப் பிரிட்டன் விலை கேட்டது. 10 கோடி பவுண்டில் முடிந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கும் அந்த இருப்பிலிருந்தே பெருந்தொகை போனது. மூன்றாண்டுகளுக்குள் எடுத்துக்கொள்ள மேலும் 8 கோடி பவுண்டு விடுவிக்கப்பட்டது. ஓய்வூதியத்துக்குக் கொடுத்தது அதிகம் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் நம் பணத்தை நம் இறக்குமதிக்குச் செலவிட வழி திறந்தது அங்கேதான். ஜூலையில் ஒப்பந்தம் முடிந்தது. ஆகஸ்டில் அவர் பதவியை விட்டு விலகினார்.