கீர்த்தனை சபையின் வாய்க்குத் திரும்ப வேண்டும்

பெருமதிப்புக்குரிய பேராயர் அவர்களே, சேகரத் தலைவர் ஐயா அவர்களே, சேகரக் கமிட்டிப் பெரியோர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, பந்தலும் மைக்கும் கட்டிக்கொடுத்த வாலிபர் சங்கத்துத் தம்பிகளே, பசுமலையிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வெயிலைப் பாராமல் பஸ் ஏறி வந்திருக்கும் சபையாரே, உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

அண்மையில் வாசித்தவை, இசை, அன்றாட விசுவாசம் என்று மூன்று பொருளை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வாசிப்பிலிருந்தே தொடங்குகிறேன். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியமான 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வந்தது. கண்ணால் மட்டும் வாசித்தால் அது பிடிபடாது, வாய்விட்டு வாசிக்க வேண்டும். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்றார்கள். பக்தியும் நாப்பழக்கம்தான் என்பது என் துணிபு.

அதனால் நேரே இசைக்கு வருகிறேன். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-இல் இந்த மண்ணுக்கு வந்தது. அதில் ஊழியம் செய்த எட்வர்ட் வெப் ஐயர் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். கீர்த்தனைகள் பல இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அப்போது உயிரோடிருந்தார். 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலை எழுதிய ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியப் பயிற்சி பெற்றதும் பிடில் கற்றதும் பக்கத்துத் திண்டுக்கல்லில்தான். இவ்வளவு சொத்தை வைத்துக்கொண்டு நாம் கீபோர்டின் ரிதம் பொத்தானை அழுத்திவிட்டு நிற்கிறோம்!

அந்தப் பொத்தான் செய்கிற கேட்டைக் கேளுங்கள். மிஸ்ர சாபு தாளம் சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை: தகிட தகதிமி, மூன்றும் நாலும். கீபோர்டில் வழக்கமாக ஓடுவது நாலு நாலாக அடிக்கும் தாளம். ஏழு எண்ணிக்கையை எட்டுக்குள் நுழைத்தால் சுற்றுக்கு ஓர் எண்ணிக்கை மிஞ்சும். அதை நிரப்பக் கடைசி எழுத்தை இழுப்பார்கள், குறில் நெடிலாகிப் பொருளே போய்விடும். ராகத்துக்கும் இதே கதிதான். மோகன ராகத்தில் ச ரி க ப த ஐந்தே சுரம். ஒரு கட்டையில், அதாவது சி சுருதியில், பாடும்போது கீபோர்டில் சில சுரங்களைச் சேர்த்து அழுத்தும் 'கார்டு' வகையில் எஃப் கார்டு பிடித்தால் மத்திமம் (ம) நுழையும், ஜி கார்டு பிடித்தால் நிஷாதம் (நி) நுழையும். நாலு வாரத்தில் சபை முழுவதும் அந்த அந்நிய சுரத்தைப் பாடப் பழகிவிடும். சி, ஏ மைனர் கார்டு இரண்டுமே போதும். ச-ப மட்டும் பிடித்தால் இன்னும் நல்லது.

சுருதி வைக்கும்போது பல்லவியைப் பார்த்து வைக்காதீர்கள். சரணத்தில் மிக மேலே போகும் சுரம் எது என்று முதலில் பாருங்கள். கொயரில் இல்லாத ஒரு பெரியவரைக் கூப்பிட்டு அதைப் பாடச் சொல்லுங்கள். அவர் குரல் கிறீச்சிட்டால் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குங்கள்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையை நினைத்துப் பாருங்கள், சபையாரே! பவுலையும் சீலாவையும் அடி அடியென்று அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவிட்டார்கள். முதுகெல்லாம் காயம். நடுராத்திரி. அங்கே பாட்டுப் புத்தகம் இருந்ததா? திரையில் யாராவது வரி காட்டினார்களா? மைக் இருந்ததா? மனப்பாடமாக இருந்ததைப் பாடினார்கள். காவலில் இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று வேதம் சொல்கிறது. பூமி அதிர்ந்தது, கதவெல்லாம் திறந்தது, கட்டெல்லாம் கழன்றது. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்த சிறைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னையே வெட்டிக்கொள்ளப் போனான். 'உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்' என்று பவுல் சத்தமிட்டார். அதே ராத்திரியில் அந்தச் சிறைக்காரன் அவர்கள் காயங்களைக் கழுவி, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்தான். சாதாரண நாளில் நாவில் ஏறாத பாட்டு அந்த ராத்திரியில் எப்படி வரும்? நாப்பழக்கம், ஐயா, நாப்பழக்கம்!

ஆகவே மாதத்துக்கு ஒரே கீர்த்தனை எடுங்கள். முதல் சனிக்கிழமை ராகம் வேண்டாம், வரிகளைப் பதம் பிரித்து வாசித்துப் பொருள் பேசுங்கள். இரண்டாம் வாரம் கையில் தாளம் போட்டு வரிகளைச் சொல்லுங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விடுகிற சபைதான் பிறகு பாட்டில் தாளம் தப்பி வேகம் பிடித்து ஓடும். மூன்றாம் வாரம் சுருதிப்பெட்டியோடு பல்லவி, அனுபல்லவி. நாலாம் வாரம் சரணங்கள். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புங்கள். திரையில் அந்த வரியைப் போடாததால் பல்லவியையே விட்டுவிடுகிறோம்.

அன்றாட விசுவாசத்துக்கும் இதுவே வழி. குடும்ப ஜெபத்தில் தினம் ஒரு சரணம், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடுங்கள். சிறுபிள்ளை தாளம் போடட்டும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

பேராயர் அவர்களிடம் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. ஆராதனைத் தாளிலும் திரையிலும் கீர்த்தனைக்கு மேலே ராகம், தாளம் இரண்டையும் அச்சிட வேண்டும் என்று எல்லாச் சேகரங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். கீர்த்தனைக்குக் கீபோர்டின் தானியங்கித் தாளம் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.