ஒரு பந்து, ஒரு பப்பாளி, ஒரு பழைய செல்போன்

(ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'கல்வியில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தின் பயன்பாடு' என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள்ளேயே கொட்டாவி வந்துவிடும். அதிலும் இது சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற வகுப்பு. கவலைப்படாதீர்கள், நான் பவர்பாயின்ட் எதுவும் கொண்டுவரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியவன். பையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு மீட்டர் ஸ்கேல், என் பழைய செல்போன், இவ்வளவுதான் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எடுக்கிறேன்.

முதலில் ஓர் அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். எந்த ஊர்ப் பள்ளி என்று கேட்காதீர்கள். அங்கே கணினி அறை ஒன்று இருந்தது. பத்துக் கணினிகள். அத்தனைக்கும் பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தியிருந்தோம். சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில் இருக்கும். வருடத்துக்கு ஒரு நாள், ஆயுதபூஜைக்கு, அறை கட்டாயம் திறக்கப்படும். தூசி தட்டி, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மவுஸுக்கும் ஒரு பொட்டு வைத்து, பொரிகடலை கொடுத்துவிட்டுப் பூட்டிவிடுவோம்.

தலைமையாசிரியர் கெட்ட மனிதர் இல்லை. நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பேனோ என்னவோ. கணினி என்பது ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள். யாரும் தொடாமல் கிடந்தால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் தொட்டு ஒரு கீபோர்டு போனால் விளக்கம் எழுதவேண்டும். அப்படியொரு ஏற்பாட்டில் புத்தியுள்ள எவரும் பூட்டத்தான் செய்வார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொருளை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு வேலையைப் பிறகு தேடுகிற பழக்கம் நமக்கு மட்டும் உரியது இல்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து ஆய்வு செய்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டுப் பேருக்கு ஒன்றுகூட முழுதாக இல்லாத இடத்தில் ஆளுக்கு ஒன்றுக்கும் மேலேயே கணினி வந்துவிட்டது. அப்புறம் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மாற்றமும் இல்லை. பிள்ளைகள் லேப்டாப்பை நன்றாக இயக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள், அது உண்மை. கணக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

நம் மாநிலத்தில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினியை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. நான் சேர்க்கமாட்டேன். எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி. அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பிரவுசிங் சென்டரில் நிற்காமல் போனதே எனக்குப் போதும். ஆனால் அது பாடம் நடத்தும் கருவியாக வகுப்பறைக்குள் வந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை.

சரி, எது வேலை செய்கிறது? நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக எது வந்தாலும் அதைக் கேட்பேன்: 'நான் செய்ய முடியாத எதை நீ செய்வாய்?' நான் செய்வதையே அதுவும் செய்யுமானால், நான் போதும். நான் மின்சாரம் போனாலும் ஓடுவேன்.

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. 1975 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் நாசாவிடம் ஏடிஎஸ்-6 என்ற செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு மட்டும் இரவல் வாங்கி, கிராமங்களுக்கு டிவி நிகழ்ச்சி அனுப்பும் ஒரு சோதனையை இஸ்ரோ தொடங்கியது. 'சைட்' என்று பெயர். ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. பக்கத்தில் ஆந்திராவும் கர்நாடகாவும் இருந்தன. ஊர்ப் பொது இடத்தில் ஒரு டிவி, கூரைக்கு மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலையால் செய்த பெரிய குடை ஆன்டெனா. காலையில் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. கொழும்பில் இருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டிலும் ஒரு ஆன்டெனாவைக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். செயற்கைக்கோள் வழி ஒலிபரப்பைப் பற்றி 1945-லேயே எழுதியவர் ஆயிற்றே, அந்த மரியாதைக்காக.

அதில் எனக்குப் பிடித்தது பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி இல்லை. அந்த ஒரே வருடத்தில் ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் நடத்தும் முறையில் பயிற்சி கொடுத்தார்கள். யாரும் பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போகவில்லை. இதை எந்தப் பயிற்சியாளராலும் நேரில் செய்திருக்க முடியாது. 1976 ஜூலை 31-ஓடு இரவல் முடிந்தது, செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள்.

கல்வித் தொலைக்காட்சிக்கும் இதே அளவுகோல்தான். 2019 ஆகஸ்டில் அது வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் நான் பேசுவதைத் திரையில் இன்னொருவர் பேசப்போகிறார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அடுத்த வருடமே கொரோனா. பள்ளிக்குப் பூட்டு. என்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போக முடியாது, டிவியால் முடிந்தது. அப்போது வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது பந்து. இரண்டு பேர் முன்னால் வாருங்கள். வா தம்பி, நீ பந்தைப் பிடி. நீங்கள் போனைப் பிடியுங்கள் அம்மா, கை ஆடக்கூடாது.

(கரும்பலகையின் மேல் விளிம்பிலிருந்து பந்து விடப்பட்டது. பக்கத்தில் மீட்டர் ஸ்கேல் செங்குத்தாக ஒட்டப்பட்டிருந்தது. செல்போனில் எடுத்த வீடியோவை அரங்கிலிருந்த கணினிக்கு மாற்றிப் போட்டார்கள்.)

சாதாரண வீடியோவில் ஒரு நொடிக்கு 30 படம். அப்படியானால் மூன்று படத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு நொடி. வீடியோ ஓட்டுகிற விஎல்சி பிளேயரில் ஆங்கில 'E' எழுத்தைத் தட்டினால் ஒரு படம் நகரும். தட்டுங்கள். மூன்றாவது படம், பந்து எங்கே? 5 செ.மீ. இன்னும் மூன்று தட்டுங்கள். 19. இன்னும் மூன்று. பந்து கொஞ்சம் இழுபட்ட மாதிரி தெரிகிறதா, அது வேகம், நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். 44. கடைசியாக? 78.

இப்போது ஒவ்வொரு பத்தில் ஒரு நொடியிலும் எவ்வளவு விழுந்தது என்று கழித்துப் பாருங்கள். 5, 14, 25, 34. ஐந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 1, 3, 5, 7. ஒற்றைப்படை எண்கள்! பந்து எண்ணத் தெரிந்த மாதிரி விழுகிறது.

கலிலியோ இதைக் கண்டுபிடிக்க என்ன பாடுபட்டார் தெரியுமா? நேராக விழுகிற பொருளின் வேகம் அவர் கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் பிடிபடவில்லை. அதனால் சாய்ந்த பலகையில் பள்ளம் செதுக்கி வெண்கல உருண்டையை உருட்டினார். நேரத்தை அளக்க, பாத்திரத்திலிருந்து தண்ணீரைச் சன்னமாக ஒழுகவிட்டு அந்தத் தண்ணீரை எடைபோட்டார். 1638-ல் அச்சான நூலில் இதை விவரிக்கிறார். நான் இருபது வருடமாக, விழுகிற பொருள் கடக்கும் தூரத்துக்கான சூத்திரத்தை 's = ½gt²' என்று பலகையில் எழுதி, கட்டம் போட்டு, 'முக்கியம்' என்று பக்கத்தில் நட்சத்திரம் போட்டவன். எந்தப் பையனும் அதை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. எழுதிக்கொண்டான். இந்த வீடியோவை முதல் தடவை செய்தபோது ஒரு பையன் கேட்டான், "சார், கல்லைப் போட்டாலும் இதே நம்பர்தான் வருமா?" அப்புறம் அந்த வாரம் முழுக்க என் போன் என்னிடம் இல்லை.

கண்ணுக்குச் சிக்காததை நிறுத்திக் காட்டுவது என்னால் முடியாது. செல்போனால் முடியும்.

அடுத்தது பப்பாளி. இது என் சரக்கு இல்லை, எங்கள் தமிழய்யாவின் சரக்கு. அவருக்குக் கணினி என்றாலே ஆகாது. பூட்டிய அறையை ஒருவழியாகத் திறந்து, ஆறாம் வகுப்பைத் தட்டச்சு செய்ய விட்டிருந்தோம். பெரும்பாலானவர்கள் என்ன செய்வார்கள், ஆங்கிலத்தில் 'ஏ எம் எம் ஏ' என்று அடித்து 'அம்மா' வரவழைப்பார்கள். நாங்கள் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுவிட்டோம். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் மெய்.

'கொ' வேண்டுமா, 'க' தட்டி 'ஒ' தட்டவேண்டும். திரையில் கொம்பு முன்னால் வந்து, கால் பின்னால் வந்து, எழுத்து தானே உட்காரும். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று நாம் மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்யவைப்பது அங்கே விரலில் நடக்கிறது. ஆங்கில எழுத்தில் அடிக்கிற பிள்ளைக்கு இது கிடைக்காது.

அப்புறம் ஒரு பெண் கை தூக்கினாள். 'சங்கு' அடிக்கிறாள். ச, ங, க, உ. புள்ளி வைக்கவே இல்லை, ஆனால் 'ங்' மேல் புள்ளி தானாக வந்துவிட்டது. "யார் வச்சது?" என்று கேட்டாள். பக்கத்துப் பையன் 'பஞ்சு' அடித்தான், வந்தது. 'வண்டு', 'பந்து', 'பாம்பு', 'கன்று', எல்லாவற்றுக்கும் வந்தது. தமிழய்யா அதுவரை கதவோரம் நின்றிருந்தவர், உள்ளே வந்தார். க-வுக்கு ங, ச-வுக்கு ஞ, ட-வுக்கு ண என்று பிள்ளைகளே பட்டியல் போட்டுவிட்டார்கள். இன எழுத்து என்ற பாடத்தை அவர் இத்தனை வருடத்தில் இப்படி ஆரம்பித்ததே இல்லை.

அங்கேதான் பப்பாளி வந்தது. ஒரே மெய் இரண்டு தடவை வந்தாலும் முதல் எழுத்துக்குப் புள்ளி விழுந்துவிடும். அப்பா, அக்கா எல்லாம் சுகமாக வரும். 'பப்பாளி' அடித்தவன் மாட்டிக்கொண்டான். சொல்லின் முதல் எழுத்துக்கே புள்ளி! வகுப்பே சிரிக்கிறது. தமிழய்யா மெதுவாகக் கேட்டார்: "தமிழ்ச்சொல் மெய்யெழுத்தில் ஆரம்பிக்குமாடா?" ஆரம்பிக்காது. அப்படியானால் முதல் 'ப'வுக்குள் என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் அமைதி. "அ இருக்குங்கய்யா." அப்போ 'அ'வைத் தட்டு. ப, அ, ப, ப, ஆ, ள, இ. பப்பாளி வந்துவிட்டது.

அகரம் ஏறிய மெய் என்பதை இதைவிடச் சுத்தமாக நடத்தி நான் பார்த்ததில்லை. கவனியுங்கள், கணினி பாடம் நடத்தவில்லை. அது பிடிவாதமாக ஒரு விதிப்படி நடந்தது, பிள்ளைகள் அதில் போய் முட்டினார்கள், ஆசிரியர் சரியான நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து சாவி தமிழய்யாவிடம் இருந்தது.

இன்னொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், அதில் மூன்றாம் வகுப்புக் கணக்கிலேயே நின்றுவிட்டவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போனால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கும் அவரவர் நிற்கிற படியிலிருந்து நடத்த ஓர் ஆளால் ஆகாது. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து 619 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2019-ல் வெளியானது. அந்த மென்பொருள் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எதில் தடுமாறுகிறது என்று பார்த்து அங்கிருந்து கேள்வி கேட்கும். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் கூடுதல் முன்னேற்றம். திட்டவிலக்கம் என்றால் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு; உங்கள் புள்ளியியல் தாளில் இருக்கிறது, முழிக்காதீர்கள். இது சின்ன அளவு இல்லை. ஆனால் அங்கே பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதி நேரம் சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தார். விளம்பரத்தில் அந்த ஆள் வரமாட்டார். பெருவில் கொடுத்ததும் கணினி, டெல்லியில் இருந்ததும் கணினி; வேலை வேறு.

செயலியில் வருகை பதிவது, விவரம் ஏற்றுவது பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். சிக்னலுக்காக வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான் நானும். அதுவும் தொழில்நுட்பம்தான், ஆனால் அது அலுவலகத்துக்குப் பயன்படுகிற தொழில்நுட்பம். அதைக் கல்வித் தொழில்நுட்பம் என்று கணக்குக் காட்டுகிறபோதுதான் எனக்குக் கோபம் வரும். டீ வந்ததும் தனியாகப் பேசுவோம்.

கடைசியாக இந்தப் போன். இதில் சிம் இல்லை, இணையம் இல்லை. குரல் பதிவு மட்டும் நன்றாக வேலை செய்யும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக ஓட்டிவிடுவாள். ழகர ளகரம் எல்லாம் லகரம்தான். நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். நான் திருத்தத் திருத்த அவள் குரல் இன்னும் உள்ளே போனது. ஒரு நாள் அவள் படித்ததை இதில் பதிவு செய்து, ஒன்றும் சொல்லாமல் அவள் காதில் வைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது.

"சார், நான் பல்லிக்கூடம்னா சொல்றேன்?"

"நீயே கேட்டியே."

"இதை அழிச்சிடுங்க சார். இன்னொரு தடவை படிக்கிறேன்."

ஒரு பத்தியை இரண்டாவது முறை படி என்று நான் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் அது தண்டனை. இவள் போனை வாங்கிக்கொண்டு மைதானத்துப் பக்கம் போய்விட்டாள். மாலையில் திருப்பிக் கொடுத்தாள், நானும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் எதையோ படம் எடுக்கப் போனால் 'இடம் இல்லை' என்று வருகிறது. திறந்து பார்த்தேன். 23 பதிவுகள். முதல் பத்துப் பன்னிரண்டில் பல்லி ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒன்றில் பாதியில் நிறுத்திவிட்டு, "ச்சே" என்கிறாள். கடைசிப் பதிவில் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடம் என்று வருகிறது. பின்னாலேயே கடைசி மணி அடிக்கிற சத்தமும், யாரோ அவளைப் பஸ்ஸுக்குக் கூப்பிடுகிற சத்தமும்.