மூன்றிலிருந்து பத்துக்கு: ஒரு ஜம்பருக்காக ரிச்சி தெரு வரை போன கதை

வணக்கம் மக்களே! நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு நம் பழைய 486 கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஏறிவிட்டது, மவுஸும் நகர்கிறது. இரண்டும் சேர்ந்து! போன வீடியோவில் அம்புக்குறி திரை நடுவில் அப்படியே உறைந்து நின்றதைப் பார்த்தீர்கள் இல்லையா, அதை முடித்துவிட்டேன்.

இதோ கிட்டே காட்டுகிறேன், என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு, ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகுவது. இந்த ஓரத்தில் ஜோடி ஜோடியாக ஊசிகள், பக்கத்தில் வெள்ளை எழுத்தில் 3, 4, 5, 9, 10, 11, 12, 15. இவைதான் ஐஆர்க்யூ எண்கள், அதாவது 'என்னைக் கவனி' என்று கார்டு பிராசஸரைக் கூப்பிடும் லைனின் எண். ஒரு ஜோடி ஊசியை இணைக்கும் கறுப்பு மூடி, அதாவது ஜம்பர் கேப், 3-இன் மேல் உட்கார்ந்திருந்தது. அதே 3 தான் காம் 2 என்ற சீரியல் போர்ட்டுக்கும், என் மவுஸ் இருப்பதும் காம் 2-இல். காம் 1-க்கு மாற்றக் கூடாதா என்றால், அங்கே என் மோடம் இருக்கிறது, அதைக் கழற்ற மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஐஎஸ்ஏ-வில் இரண்டு கார்டு ஒரே எண்ணில் ஓடாது. ஒரு வீட்டுக் காலிங் பெல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பொத்தானை அழுத்தும் அந்த நொடி மட்டும்தான் மணி அடிக்கும். ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால் பின்னால் வருகிறவர் எத்தனை தடவை அழுத்தினாலும் உள்ளே கேட்காது. பிசிஐ என்ற அடுத்த வகை ஸ்லாட் வந்த பிறகு பகிர்ந்துகொள்ள முடிந்தது, இதில் கிடையாது.

அதனால் கார்டை 3-இலிருந்து 10-க்கு மாற்ற முடிவு செய்தேன். ஏன் 10? 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த அழைப்புகளை வாங்க ஒரே ஒரு 8259 சிப், மொத்தம் எட்டு லைன். 1984-இல் ஐபிஎம்மின் ஏடி மாடல் வந்தபோது இன்னொரு 8259-ஐ முதல் சிப்பின் 2-ஆம் லைனில் கோத்தார்கள், அதனால் பதினைந்து கிடைத்தது. அதில் 14 ஹார்ட் டிஸ்க், 6 ஃப்ளாப்பி, 7 பிரிண்டர். 5-ஐ சவுண்ட் பிளாஸ்டர் சவுண்ட் கார்டுக்குத்தான் கொடுப்பேன், யார் கேட்டாலும் தர மாட்டேன், ஏனென்றால் பழைய டாஸ் கேம்கள் பலவற்றில் 5, 7 மாதிரி சின்ன எண்கள்தான் பட்டியலில் இருக்கும். நெட்வொர்க் கார்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, 10-இல் நிம்மதியாக இருக்கும். ஆனால் ஒன்று, 16 பிட் ஸ்லாட்டில்தான் போட வேண்டும். குட்டையான 8 பிட் ஸ்லாட்டில் 10-க்கான இணைப்பே கிடையாது.

சரி, ட்வீசரால் கேப்பைப் பிடித்து இழுத்தேன். (முதலில் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டேன், அதைச் சொல்லாமல் விட்டேன், நீங்களும் பிடுங்குங்கள்.) பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த தகடு மேஜைக்குக் கீழே எங்கேயோ போய்விட்டது. செத்த ஹார்ட் டிஸ்க் ஒன்றிலிருந்து ஒரு கேப்பை எடுத்துப் பார்த்தேன், அது 2 மில்லிமீட்டர் வகை. இந்தக் கார்டின் ஊசி இடைவெளி 2.54 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், உள்ளேயே போகவில்லை!

மறுநாள் மாம்பலத்திலிருந்து கிளம்பி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடையில் "அதெல்லாம் இப்ப வர்றதில்ல தம்பி". இரண்டாவது கடையில் நூறு கேப் உள்ள பாக்கெட் 150 ரூபாய், பிரித்துத் தர மாட்டார்களாம். எனக்கு வேண்டியது ஒன்று! ஒன்றுக்காக நூறு வாங்கச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மூன்றாவது கடைக்காரர் அண்ணன் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து விரலால் கிளறி, பத்து கேப் எண்ணி என் உள்ளங்கையில் வைத்து 20 ரூபாய் என்றார். கறுப்பில் எட்டு, சிவப்பில் இரண்டு. சிவப்பைத்தான் போட்டிருக்கிறேன், பாருங்கள், எவ்வளவு அழகாகத் தெரிகிறது!

போட்டுவிட்டு பூட் செய்தால் மவுஸ் ஓடுகிறது, நெட்வொர்க் பேசவில்லை. அரை மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேபிளில் ஒன்றுமில்லை. பூட் ஆகும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்சிக்.பேட் கோப்பில், நெட்வொர்க் கார்டை இயக்கும் பாக்கெட் டிரைவர் வரியில் இன்னும் 3 என்றே இருந்தது. கார்டில் ஊசியை மாற்றினால் டிரைவருக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். 3-ஐ அழித்து 10 போட்டேன், கார்டின் போர்ட் முகவரி 300 ஹெக்ஸ் அப்படியே. ரீபூட் செய்து, நெட்வொர்க்கைச் சோதிக்கும் பிங் கட்டளையைக் கொடுத்ததும் பதில் வந்தது.

இதனால்தான் ஜம்பர் இல்லாத கார்டுகள் எனக்குப் பிடிக்காது. அதில் செட்டிங் மாற்ற ஒரு ஃப்ளாப்பியில் வந்த புரோகிராம் வேண்டும், அந்த ஃப்ளாப்பி யாரிடமும் இருக்காது. இதில் மூடியைத் திறந்தால் போதும், கண்ணெதிரே சிவப்பாக இருக்கிறது, 10.

அந்த மூன்றாவது கடை எங்கே என்று எப்படியும் கேட்பீர்கள். பெயர்ப்பலகை கிடையாது, மாடிப்படிக்கு அடியில், பழைய பவர் சப்ளைகளை அடுக்கி வைத்திருப்பார். டப்பாவில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.