இரண்டாவது சாவி எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். கார் வைத்திருப்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் காரின் இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது? அலமாரியிலா, மகனிடமா, அல்லது வாங்கிய அன்றே பழைய உரிமையாளர் ஒன்றைத்தான் கொடுத்தாரா? சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முடிவதற்குள் ஒரு கார் இரண்டு மூன்று பேரிடம் கைமாறுவது சாதாரணம். பழைய கார் வாங்கும்போது டயரைப் பார்க்கிறோம், ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கிறோம், சான்றிதழில் எஞ்சியிருக்கும் மாதங்களை விரல்விட்டு எண்ணுகிறோம். சாவி ஒன்றா இரண்டா என்று கேட்பவர் மிகச் சிலரே. கார்களின் மின்சாதனப் பழுதுபார்ப்பிலேயே தொழில் வாழ்க்கையைக் கழித்த எனக்கு இது தீராத மனக்குறை. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

சாவியைத் திருகி இன்ஜினைக் கிளப்பும் வழக்கத்தை 1949ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு சாவி மின்சாரத்தை மட்டும் திறந்துவிடும். இன்ஜினைக் கிளப்பத் தனியாக ஒரு பொத்தான் இருக்கும். இன்று மறுபடியும் பொத்தானுக்கே வந்திருக்கிறோம் என்பது வேறு கதை. நெடுங்காலம் கார் சாவி வெறும் இரும்பாகத்தான் இருந்தது. அதன் பற்களைப் பார்த்து இன்னொரு தகட்டில் அப்படியே அறுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. செருப்புத் தைக்கும் கடையிலேயே அதைச் செய்துகொள்ளலாம். திருடனுக்கோ அதுவும் தேவைப்படவில்லை, ஒரு திருப்புளி போதும்.

1990களில் நிலைமை மாறியது. சாவியின் கறுப்புத் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ஒரு சில்லு வந்து உட்கார்ந்தது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்கள் அனைத்திலும் இத்தகைய திருட்டுத் தடுப்பு கட்டாயமாக்கப்பட்டது. இந்தச் சில்லுக்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. நீங்கள் சாவியை நுழைத்துத் திருகும்போது, அந்தச் சுருளிலிருந்து வரும் மெல்லிய காந்த அலையிலேயே சில்லு தனக்கு வேண்டிய மின்சக்தியை எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்கிறது. பிறகு கார் ஒரு கேள்வி கேட்கிறது, சில்லு பதில் சொல்கிறது. வகுப்பில் ஆசிரியர் நாள்தோறும் வேறுவேறு எண்களைக் கொடுத்து ஒரே சூத்திரத்தால் கணக்குப் போடச் சொல்வதைப் போன்றது இது. நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டவனுக்கு இன்றைய கேள்வியில் பயன் இல்லை. விடை சரியென்றால் எரிபொருள் தொடர்ந்து பாயும், தவறென்றால் நின்றுவிடும்.

இதை நான் எவ்வளவு விளக்கினாலும், ஈசூனில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால்தான் மனத்தில் பதியும். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஜப்பானியக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். கிடைத்தது ஒரே சாவி. புத்திசாலித்தனமாக, வாங்கிய வாரமே ஒரு கடையில் சில வெள்ளி கொடுத்து நகல் செய்து, கதவில் போட்டுப் பார்த்து, திறக்கிறது என்று திருப்தியடைந்து சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டார். தீபாவளிக்கு முந்திய வாரம் தேக்காவில் பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு ரயிலில் வீடு திரும்பியபோதுதான், சட்டைப்பையில் இருந்த சாவி காணாமல் போனது தெரிந்தது. பரவாயில்லை, நகல் இருக்கிறதே என்று மறுநாள் காலையில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். கதவு திறந்தது. இன்ஜினும் கிளம்பியது. இரண்டு விநாடியில் அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடியும் இரண்டே விநாடி.

அவர் அழைத்துவந்த மெக்கானிக், பேட்டரி பலவீனம் என்று புதிய பேட்டரி போட்டார். அதே இரண்டு விநாடி. அடுத்து எரிபொருள் பம்பு மீது சந்தேகம் விழுந்து, புதிய பம்புக்கும் சொல்லிவைத்துவிட்டார்கள். அந்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் முகப்பலகையைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் சாவி வடிவ விளக்கு ஒன்று படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. கார் தன்னால் இயன்றவரை கத்திக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“ஐயா, இந்தச் சாவியின் தலைக்குள் ஒன்றுமே இல்லை” என்றேன்.

“என்ன தம்பி சொல்றீங்க, கதவு திறந்துச்சே?” என்றார்.

கதவைத் திறப்பது இரும்பு. இன்ஜினை ஓட விடுவது சில்லு. இரண்டும் ஒரே பொருளில் இருப்பதால் நாம் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறோம். சில்லு வைத்த இரண்டு புதிய சாவிகளை அறுத்து, கணினிக் கருவியைக் காரில் இணைத்து, பழைய பதிவுகள் அனைத்தையும் அழித்துவிட்டு அவற்றைப் பதிந்து கொடுத்தேன். சில நாள் கழித்து, தேக்கா காய்கறிக்கடைக்காரர் தொலைந்த சாவியைக் கண்டெடுத்துக் கொடுத்தாராம். அதைப் போட்டுப் பார்த்தால் கதவு திறக்கிறது, இன்ஜின் இரண்டு விநாடியில் அணைகிறது. பூட்டின் இரும்பு மாறவில்லை அல்லவா? சாவி திருடு போயிருந்தால், பதிவை அழித்த பிறகும் காருக்குள் பணப்பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதுதான்: கையில் ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்று செய்துகொள்வது ஒரு வேலை, ஒன்றுமே இல்லாதபோது செய்வது முற்றிலும் வேறு வேலை. ஒன்று இருந்தால் கார் அதை நம்பும், அதன் துணையோடு புதியதை ஏற்றுக்கொள்ளும். சில நூறு வெள்ளியில் முடியும். ஒன்றுமே இல்லையென்றால், பல கார்களில் தயாரிப்பாளரிடமிருந்து இரகசிய எண் பெற வேண்டும். சிலவற்றில் முகப்பலகையைக் கழற்றி உள்ளே இருக்கும் நினைவகச் சில்லையே படிக்க வேண்டும். ஐரோப்பியக் கார்கள் சிலவற்றுக்கு அடிச்சட்ட எண்ணைக் கொடுத்துச் சாவியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இழுவை வண்டிக் கூலியையும் சேர்த்தால் செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவது அரிதல்ல. இது ஜோகூர் பாருவில், ஞாயிற்றுக்கிழமை இரவில் நடந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

இணையத்தில் மலிவாக ரிமோட் சாவி வாங்கி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியாகும் கார்களின் ரிமோட் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் பேசும். ஐரோப்பியச் சந்தைக்கான ரிமோட் 433.92இல் பேசும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கார் மட்டும் கேட்காது. வேறொரு காரில் ஏற்கெனவே பதிந்த பழைய சாவியைப் பல கார்கள் ஏற்பதும் இல்லை. புதிய காரோடு சாவி எண் பொறித்த சிறு உலோகத் தகடு கொடுப்பார்கள். அதைச் சாவி வளையத்திலேயே மாட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். கழற்றி வீட்டில் வையுங்கள். சாவி செய்யும் கடையில் அடையாள அட்டையும் வாகனப் பதிவு விவரமும் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்காத கடையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பொத்தான் காரில் சாவியின் பேட்டரி தீர்ந்துபோனாலும் பதற வேண்டாம். சாவிக்குள்ளேயே ஓர் இரும்புத் தகடு ஒளிந்திருக்கிறது. பல கார்களில் கதவுப் பிடியின் சிறு மூடியை எடுத்தால் அதற்கான துவாரம் இருக்கும். உள்ளே போய்ச் சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் கிளம்பும். நான் சொன்ன பேட்டரியில்லாச் சில்லு அங்கேயும் இருக்கிறது என்பதே காரணம். சில கார்களில் சாவியைச் செருகத் தனி இடம் உண்டு, கையேட்டைப் பாருங்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சாவி அலையைத் தூரத்திலிருந்து நீட்டித்துக் காரைக் கிளப்பும் திருட்டைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சூரிக்கில் உள்ள சுவிஸ் கூட்டரசுத் தொழில்நுட்பக் கழக (ETH) ஆய்வாளர்கள் 2011லேயே பத்து வகைக் கார்களில் அதைச் செய்து காட்டினார்கள் என்பதோடும், இரவில் சாவியை வாசலருகே மாட்டாமல் மூடிய உலோகப் பெட்டியில் வைப்பது நல்லது என்பதோடும் நிறுத்திக்கொள்கிறேன். கைத்தொலைபேசியே சாவியாகும் கார் வாங்குபவர்கள், பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வணக்கம்.