பெயர் வந்தது, கதை வரவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். நாம் உயிராய் நேசித்த சூப்பர் ஹீரோ தொடருக்கு அதன் பழைய எழுத்தாளர் திரும்பி வந்தால் மிஞ்சுவது மகிழ்ச்சியா, ஏமாற்றமா என்பது தலைப்பு. ஏமாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். இதில் எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. நான் குறை சொல்லப்போகிற மனிதர்களின் கதைகளைப் படித்துத்தான் எனக்குக் காமிக்ஸ் பைத்தியமே பிடித்தது.

விசேஷ சக்தியோடு பிறந்தவர்கள் அணி சேர்ந்து போராடும் எக்ஸ்-மென் தொடரை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட்டிடம் நேராகப் போய்விடுகிறேன். 1975-இல் அவர் கைக்கு வந்தபோது எக்ஸ்-மென் எந்த நிலைமையில் இருந்தது தெரியுமா? ஐந்து வருடமாக அந்தத் தலைப்பில் புதுக் கதையே கிடையாது, பழையதை மறுபதிப்பு போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். லென் வெயினும் ஓவியர் டேவ் காக்ரமும் ஒரு சிறப்பிதழில் புது அணியைக் கொண்டுவந்தார்கள், அடுத்து 94-ஆம் இதழிலிருந்து எழுதும் வேலை இந்த இளைஞருக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு இதழ்தான். யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. அதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய வசதி என்று நான் நினைக்கிறேன். விதையைப் போட்டுவிட்டு அவர் காத்திருக்கலாம், யாரும் வந்து தோண்டிப் பார்க்கமாட்டார்கள்.

101-ஆம் இதழ், 1976. அணியில் ஒருத்தியான ஜீன் கிரே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, பெரும் சக்தி படைத்த ஃபீனிக்ஸாக எழுகிறாள். 137-ஆம் இதழ், 1980. நிலவில், காதலன் ஸ்காட்டின் கண் முன்னாலேயே தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். நடுவில் நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் அவளுக்குள் எதுவோ கொஞ்சம் கொஞ்சமாகப் புரண்டுகொண்டே இருந்தது, அணியில் இருந்தவர்களுக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை, படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் பிடிபடவில்லை. அதனால்தான் அந்தக் கடைசிப் பக்கத்தில் நெஞ்சு அடைக்கிறது. நான்கு வருடம் பழகிய பெண் போய்விட்டாள், சும்மாவா?

இங்கே எதிரணி நண்பர் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த முடிவு கிளேர்மான்ட் முதலில் நினைத்த முடிவே இல்லை. ஜீன் தன் சக்தியை இழந்து உயிரோடு இருப்பதாகத்தான் அவரும் ஓவியர் ஜான் பைர்னும் வைத்திருந்தார்கள். தலைமை எடிட்டர் ஜிம் ஷூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கிரகத்தில் 500 கோடி உயிர்களை அழித்தவள் அதற்கான விலையைக் கொடுக்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று நின்றார். சண்டை போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கங்களைத் திரும்ப வரைந்து, அப்படி வந்ததுதான் இன்றுவரை நாம் பேசுகிற அந்த முடிவு. அதே அணியின் வுல்வரினை எடுத்துக்கொள்ளுங்கள். அவனைத் தொடரிலிருந்து கழற்றிவிடலாம் என்ற பேச்சே இருந்தது. பைர்ன் கனடாவில் வளர்ந்தவர், தொடரில் இருக்கிற ஒரே கனடாக்காரனை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் விட்டிருந்தால் வுல்வரின் ஏது?

ஆக, நாம் நேசித்தது ஒரு மனிதரின் தனிக் கைவரிசையை இல்லை. அந்த எழுத்தாளர், அந்த ஓவியர்கள், முறைத்துக்கொண்டு நின்ற அந்த எடிட்டர், அவசரப்படுத்தாத அந்தக் காலம், எல்லாம் சேர்ந்து நடந்த ஒன்று அது. எழுத்தாளரைத் திரும்பக் கூப்பிடும்போது இதில் எதைக் கூப்பிட முடிகிறது? அட்டையில் போட அவர் பெயர் கிடைக்கிறது. மற்றது எதுவும் அவர் கையில் இல்லையே.

1991-இல் புதுத் தொடராக வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அதை எழுதிய கிளேர்மான்ட், கதை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் எடிட்டரோடும், அப்போது நட்சத்திரமாகிவிட்ட ஓவியர் ஜிம் லீயோடும் ஒத்துப்போகாமல், மூன்றே இதழோடு வெளியே போனார். 16 வருடம் கட்டிய வீட்டிலிருந்து அவரை அப்படி அனுப்பியது அநியாயம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதனால்தான் 2000-இல் அவர் பழையது, 1991-இல் வந்தது என இரண்டு எக்ஸ்-மென் தொடர்களுக்கும் திரும்பினார் என்று படித்தபோது, நியாயம் கிடைத்துவிட்டது என்று நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியோடுதான் கதையைத் திறந்தேன்.

திறந்தால், ஆறு மாதம் கழிந்துவிட்டது என்கிறார்கள். ஜீனின் சக்தி அணியின் இன்னொரு பெண்ணான சைலாக்கிடம் இருக்கிறது, சைலாக்கின் சக்தி ஜீனிடம் இருக்கிறது. எப்படி மாறியது? சொல்லவில்லை. அணியின் நைட்கிராலர் பாதிரியார் ஆகும் வழியில் இருக்கிறான். நியோ என்று ஒரு புது இனம் எக்ஸ்-மென் மேல் ஆத்திரத்தோடு பாய்கிறது, எங்கிருந்தார்கள் இத்தனை நாள் என்றும் தெரியாது. நான் உண்மையிலேயே நடுவில் ஏதோ இதழ் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து, எண்களைப் பார்த்தேன், முந்தைய இதழைத் திரும்ப எடுத்துப் புரட்டினேன். எதுவும் விட்டுப்போகவில்லை. விட்டது அவர்தான், வேண்டுமென்றே.

ஃபீனிக்ஸுக்கு நான்கு வருடம் கொடுத்த அதே கை, இங்கே நான்கு வருடத்துச் சங்கதியை ஆறு மாத இடைவெளிக்குள் அடைத்துவிட்டு, நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. ஏன்? அந்த வருடம் ஜூலையில் எக்ஸ்-மென் சினிமா வருகிறது, எல்லாக் கண்ணும் இந்தத் தொடர் மேல் இருக்கிறது, முதல் இதழிலேயே ஏதாவது பெரிதாகக் காட்ட வேண்டியிருக்கிறது. யாரும் கவனிக்காத தொடரில் அவருக்கு இருந்த பொறுமை, எல்லாரும் கவனிக்கிற தொடரில் இருக்க வழியே இல்லை. ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, 2001 தொடக்கத்தில் இரண்டு தொடர்களும் அவர் கையைவிட்டுப் போய்விட்டன.

அப்புறம் அவருடைய பழைய பழக்கம் ஒன்று. ஒவ்வொரு இதழிலும் ஒவ்வொரு பாத்திரமும் தன் சக்தி என்ன என்று வாயாலேயே விளக்கும். எழுபதுகளில் அதற்குக் காரணம் இருந்தது. கையில் கிடைக்கிற எந்த இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழாக இருக்கும், அந்த ஆளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அதே வசனத்தை 2000-இல், பத்து இதழ்களைச் சேர்த்து ஒரே மூச்சில் படிக்கும்போது கட்டத்துக்குக் கட்டம் வசன பலூன் வந்து படத்தை மறைக்கிறது. அவர் மாறவில்லை. நாம் படிக்கிற விதம் மாறிவிட்டது.

எதிரணி நண்பர் ஒன்று சொன்னார், நீங்கள் சின்ன வயதில் படித்தீர்கள், இப்போது வயதாகிவிட்டது, குறை உங்கள் கண்ணில்தான் என்று. சரி, என் கண்தான் மங்கிவிட்டது என்றால் பழைய கதையும் இன்றைக்கு எனக்கு மங்கலாகத் தெரிய வேண்டுமே? தெரியவில்லை. இந்தப் பேச்சுக்காகப் போன வாரம் 137-ஆம் இதழைத் திரும்பப் படித்தேன். ஸ்காட் மட்டும் தனியாக மிஞ்சி நிற்கிற அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொருவர், அது அவர் பெற்ற பிள்ளை, அவருக்கு இல்லாத உரிமையா என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் இந்தத் தொடர்களில் யாருமே தனியாகப் பெற்றவர் இல்லை. கிளேர்மான்ட்டே வெயினும் காக்ரமும் வைத்துவிட்டுப் போன அணியைத்தான் வாங்கி வளர்த்தார். அவர் போனபின் ஒன்பது வருடம் வேறு பலர் வளர்த்தார்கள், அந்த ஒன்பது வருடமும் நாம் கூடவே இருந்தோம், நல்லதோ கெட்டதோ அந்தப் பாத்திரங்களுக்கு நடந்ததெல்லாம் நமக்கும் நடந்தது. திரும்பி வருகிறவர் அந்த வருடங்களை ஒரு இடைவெளி போட்டு ஓரமாகத் தள்ளும்போது வலிக்கிறது.

எதிரணி கையில் வைத்திருக்கிற பெரிய ஆயுதம், எழுத்தாளர் ஃபிராங்க் மில்லர் திரும்பி வந்து எழுதிய டேர்டெவில். அதை நான் மறுக்கப்போவதில்லை. 1983-இல் விட்டுப் போனவர், 1986-இல் 227-ஆம் இதழில் தொடங்கும் கதையோடு திரும்பி வந்தார். போதை ஊசி ஒன்றுக்காக முன்னாள் காதலி கேரன் பேஜ் டேர்டெவிலின் உண்மைப் பெயரை விற்றுவிடுகிறாள், அந்தப் பெயர் எழுதிய ஒரு காகிதத்தால் டேர்டெவிலான மாட் மர்டாக்கின் வேலை, வீடு, புத்தி எல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது. அற்புதமான கதை, நானும் கும்பிடுகிறேன். ஆனால் கொஞ்சம் பாருங்கள். அவர் போய் மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஓவியர் டேவிட் மசுகெல்லி புதியவர், ஏற்கெனவே அந்தத் தொடரில் வரைந்துகொண்டிருந்தவர், அவரோடு சேர்ந்து வேறொரு முகத்தை மில்லர் கொண்டுவந்தார். 233-ஆம் இதழோடு, மொத்தம் ஏழே இதழில், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அவரிடம் ஒரு கதை இருந்தது, அதற்காக வந்தார்.

அதே மில்லர், அதே 1986-இல், பேட்மேனின் முதுமையை நான்கு இதழில் எழுதினார். அதில் பேட்மேனான புரூஸின் அம்மா கழுத்து முத்துமாலை அறுகிற இடம் நினைவிருக்கிறதா? பக்கத்துக்கு 16 கட்டம் என்ற அடுக்கு, சின்னச் சின்னக் கட்டங்கள், துப்பாக்கிக் கையில் மாட்டிய மாலை, சிதறுகிற முத்துகள், பேச்சே இல்லை. பென்சில் கோட்டின் மேல் கிளாஸ் ஜான்சன் போட்ட மையும் லின் வார்லியின் வண்ணமும் அந்த இருட்டை நம் அறைக்குள் கொண்டுவந்தன. 15 வருடம் கழித்து 2001-இல் அதன் தொடர்ச்சிக்கு மில்லர் திரும்பினார். ஜான்சன் இல்லை. வார்லி இருந்தார், ஆனால் இந்த முறை வண்ணம் கம்ப்யூட்டரில், கண்ணைக் குத்துகிற மாதிரி. சின்னக் கட்டங்களின் மூச்சடைப்பு போய், பக்கத்தை விழுங்குகிற பெரிய உருவங்கள் வந்தன. பேட்மேனின் கூட்டாளியாக இருந்த முதல் ராபின், டிக் கிரேசன், அந்தப் பிள்ளை, அவனையே வெறிபிடித்த கொலைகாரனாக்கி முடித்தார். ஒரே மனிதர், ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு கதைகள். மூன்று வருடத்தில் டேர்டெவிலுக்குத் திரும்பியவர் எங்கே, 15 வருடம் கழித்துப் பேட்மேனுக்குத் திரும்பியவர் எங்கே!

நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்லுமுன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். 1980-இன் அந்த 137-ஆம் இதழையும் 2000-இல் கிளேர்மான்ட் திரும்பி வந்தபின் ஜீன் வருகிற முதல் இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அட்டையில் உள்ள பெயரைக் கையால் மறைத்துவிட்டு, முதல் பத்துப் பக்கம் படியுங்கள். ஜீன் கிரே இரண்டிலும் இருக்கிறாள். எந்த ஜீனைப் பற்றி உங்களுக்குக் கவலை வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.