எலுமிச்சை மஞ்சளிக்கிறதா? எந்த இலை என்று பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களுக்கு எப்போது போனாலும் ஒரே கேள்விதான் வருகிறது: "அண்ணாச்சி, எல மஞ்சளா கெடக்கு, என்ன போடலாம்?" நான் திருப்பிக் கேட்பது, எந்த இலை, கொழுந்தா, முற்றின இலையா? இதைப் பார்க்காமல் நானும் இரண்டு வருடம் யூரியாவாகப் போட்டேன். மரம் தேறவே இல்லை, ஏனென்றால் குறைந்திருந்தது துத்தநாகம் (ஜிங்க்).

தழைச்சத்தும் (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) மக்னீசியமும் மரத்துக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் மரமே முற்றின இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும், அதனால் பழைய இலைதான் முதலில் வெளுக்கும். தழைச்சத்துக் குறைவென்றால் இலை முழுக்க ஒரே சீராக மஞ்சள். மக்னீசியம் என்றால் காம்போரம் முக்கோணமாகப் பச்சை நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகும்.

துத்தநாகமும் இரும்பும் அப்படி எளிதில் நகராது, அதனால் பாதிப்பு கொழுந்துக்குத்தான். கொழுந்து சிறுத்து, குறுகி, நெருக்கமாக நிமிர்ந்து நின்று, நரம்புக்கு இடையில் மஞ்சள் திட்டு விழுந்தால் துத்தநாகம். இலை ஓரளவு அளவாகவே இருந்து, நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்பு. சுண்ணாம்பு அதிகமுள்ள நிலத்தில் இது சகஜம், அங்கே அன்னபேதியை (இரும்புச் சல்பேட் உப்பு) வெறுமனே மண்ணில் போட்டால் மண்ணே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 10 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கரைத்து இலைமேல் அடிப்பதுதான் உதவும். ஆனால் தூரில் தண்ணீர் தேங்கினாலும் இதே தோற்றம் வரும், அதனால் முதலில் வடிகாலைப் பாருங்கள்.

துத்தநாகத்துக்கு 10 லிட்டருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட். மார்ச், ஜூலை, அக்டோபர் என்று மூன்று முறை, புதுத் துளிர் விட்டதும் தெளிக்க வேண்டும். தளிர் கருகாமலிருக்க 25 கிராம் நீற்றின சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டிச் சேர்க்கலாம். டிஏபி உரத்தோடு மட்டும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள், அதிலுள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் சேர்ந்து திரிந்து அடியில் படிந்துவிடும், போட்ட காசு வீண்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. பற்றாக்குறையில் வரும் மஞ்சள், நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி எனத் திட்டுத்திட்டாக இருந்தால் அது கிரீனிங் நோயாக இருக்கலாம். சைலிட் என்ற சிறு பூச்சி பரப்புவது. அதற்கு எந்த உரமும் மருந்தாகாது. சத்துக் குறைவென்று நினைத்து நாள் கடத்தினால் பக்கத்து மரங்களுக்கும் போய்விடும், சந்தேகமிருந்தால் கிளையோடு ஒடித்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

அப்புறம், தெளித்துவிட்டுப் பழைய மஞ்சள் இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது முழுசாகத் திரும்பாது. அடுத்த துளிர் அகலமாக வருகிறதா என்று பாருங்கள்.