தூணின் அடியைப் பாருங்கள்

[காட்சி: திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்துத் தெரு. ஓட்டு வீடு, திண்ணை. கேமரா தூணின் அடியில் நிற்கிறது.]

பழைய வீட்டுக்குள் நுழைகிற எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். உத்திரம், தூணின் தலையில் அதைத் தாங்கும் போதிகை, அதில் செதுக்கிய வாழைப்பூ, அந்தக் காலத்துத் தேக்கு என்று ஒரு பெருமூச்சு. தச்சு வேலை தெரிந்த ஆசாரி வந்தால் அப்படிச் செய்ய மாட்டார். குனிவார். தூணும் கல்லும் சேருகிற இடத்தை விரல் நகத்தால் கீறிப் பார்ப்பார். இந்த வீடியோவில் நாமும் அங்கேதான் பார்க்கப் போகிறோம்.

இது என் பெரியப்பா வீடு. நூற்றைம்பது வருட வீடு என்பது குடும்பத்தில் சொல்லும் கணக்கு. பத்திரத்தைத் தேடினால் குறையலாம், அதனால் நாங்கள் தேடுவதில்லை.

வயதானதால் மரம் கெட்டுப்போனது என்று சொல்கிறோம். வயதுக்கும் மரம் கெடுவதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நம் பேச்சிலேயே இது பிரிந்து கிடக்கிறது. வண்டு குடைந்து மாவு கொட்டினால் உளுத்துப்போனது. கரையான் ஏறினால் செல்லரித்தது. ஈரத்தில் இருந்து இருந்து கையோடு பிய்ந்து வந்தால் இற்றுப்போனது. இந்த மூன்றாவதைச் செய்வது பூஞ்சை. மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேலே போய், அங்கேயே நின்றால்தான் அதற்குப் பிழைப்பு. அதற்குக் கீழே இருக்கிற மரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பத்து வருடமானாலும் சரி, ஆயிரம் வருடமானாலும் சரி.

ஆயிரம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

[காட்சி: ஜப்பான், நாரா பகுதி. ஹோரியூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம்.]

உலகத்தில் இன்றும் நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவை இந்தக் கோயிலில்தான் இருக்கின்றன. கோபுரத்தின் நடுத்தூணை வளையம் எண்ணிப் பார்த்ததில், அந்த ஹினோக்கி மரம் 594இல் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. நம் பக்கம் அது அப்பர் காலத்தை ஒட்டியது. சரி, அந்தத் தூணின் அடி எப்படி இருந்தது? அதை முதலில் மண்ணுக்குள் இறக்கித்தான் நட்டிருந்தார்கள். மண்ணுக்குள் இருந்த பகுதி மொத்தமாக மக்கி, கீழே வெறும் பள்ளம்தான் மிஞ்சியது. மேலே காற்றுப் பட்ட தூண் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரே மரம், ஒரே வயது.

நார்வேக்காரர்களும் இதையே பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அவர்களுடைய ஆரம்பகால மரத் தேவாலயங்களில் தூண்களை மண்ணில் நட்டார்கள், அவை போய்விட்டன. பிறகு கல் அடுக்கி, அதன்மேல் மரச்சட்டம் கிடத்தி, சட்டத்தின்மேல் தூண் நிறுத்தினார்கள். போர்குண்டு என்ற ஊரில் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்படிக் கட்டியது இன்றும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஷ்வீஸ் என்ற ஊரில் 1287இல் கட்டிய ஒரு மரவீடு இருக்கிறது. அது சாதாரணக் குடியிருப்பு, மாடமாளிகை இல்லை.

இதெல்லாம் குளிர் நாடு, காவிரிக் கரையில் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் கரையான் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகை அடைமழை இருக்கிறது, 1952லும் 1977லும் நாகப்பட்டினத்தைப் புரட்டிய புயல்கள் இருக்கின்றன, 2018இல் கஜா வேறு. போதாததற்கு ஆறு. 1924 வெள்ளத்தைப் பற்றிப் பேசாத கொள்ளிடக்கரைக் குடும்பம் குறைவு.

ஆனால் இதே டெல்டாவில்தான் பூம்புகார் இருக்கிறது. அங்கே கீழையூரில் 1960களில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை கிடைத்தது. அதோடு மரக்கட்டைகளும் கிடைத்தன. கரிமக் கணக்கில் அவற்றின் வயது இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல். இத்தனை காலம் சேற்றுக்குள், ஈரத்தில்! அப்படியானால் ஈரம் மரத்தைக் கொல்லும் என்று நான் சொன்னது பொய்யா? இல்லை. பூஞ்சைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். ஆழச் சேற்றில் காற்று இல்லை. கிணற்றுக்குள் அடியில் நெல்லிக்கட்டை போடுவதும் இந்தத் தைரியத்தில்தான்.

ஆக, எப்போதும் காய்ந்தே இருக்கிற மரம் பிழைக்கும். எப்போதும் மூழ்கியே இருக்கிற மரமும் பிழைக்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற மரம்தான் சாகும். வேலிக்கால் எங்கே ஒடிகிறது என்று பாருங்கள். உச்சியிலும் இல்லை, குழிக்குள்ளும் இல்லை. மண் மட்டத்தில் ஒடியும்.

[காட்சி: தூணின் அடிக்கல், பிறகு திண்ணைப் படிகள்.]

டெல்டா வீட்டைக் கட்டியவர்கள் இந்த மண் மட்டத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். முதலில் திண்ணையை உயர்த்தினார்கள். வழிப்போக்கர் படுக்கத் திண்ணை என்கிறோம், இருக்கட்டும். ஆனால் அது வீட்டைத் தெருத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடிக்கும் மேடையும்கூட. அதன்மேல் தூணுக்கு ஒரு கல். கல் நீரை மேலே உறிஞ்சாது, கரையானும் மறைவாக ஏற முடியாது. ஏறினால் மண்கோடு கண்ணில் படும், துடைப்பத்தால் ஒரு தட்டு தட்டலாம்.

அப்புறம் மரத் தேர்வு. காட்டு மரம் இங்கே கிடையாது, இது நெல் விளைகிற வண்டல் நிலம். பெரிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. சின்ன வீடுகளுக்கு வேம்பு, பலா, இலுப்பை, பனை. எந்த மரமானாலும் ஆசாரி கேட்பது ஒன்றுதான்: வைரம் பாய்ந்திருக்கிறதா?

இந்த வைரம் என்ன? வளரும் மரத்தின் வெளிப்பகுதியில் நீர் ஓடும், மாவுச்சத்து இருக்கும். வண்டுக்கு அது விருந்து. உள்ளே வயதான பகுதியில் நீர்க்குழாய்கள் அடைபட்டு, எண்ணெயும் கசப்பும் ஏறிவிடும். வண்டுக்கு வாய் வைக்க முடியாது. தேக்கின் எண்ணெய்ப் பசை இதுதான். பனையில் கதை தலைகீழ். வெளியே கருகருவென்று இரும்பாக இருக்கும், உள்ளே சோறு. தொல்காப்பியத்தின் மரபியல் இதை வைத்துத்தான் பிரிக்கிறது. உள்ளே வைரம் இருந்தால் அகக்காழ், அது மரம். வெளியே இருந்தால் புறக்காழ், அது புல். அந்தக் கணக்கில் எங்கள் அடுக்களைக் கூரை புல்லின்மேல் நிற்கிறது.

[காட்சி: முற்றத்திலிருந்து ஓட்டுக்கூரை. ஒரு குரங்கு.]

ஈரம் வருகிற இன்னொரு வழி மேலே. ஓட்டுக்கூரை ஒழுகும், ஒழுகத்தான் செய்யும். அணில், குரங்கு, விழும் தேங்காய் எல்லாம் ஓட்டைத் தள்ளும். அதனால் மழைக்கு முன்னால் ஒருவர் ஏறி ஓடுகளைப் பிரித்து, உடைந்ததை மாற்றி அடுக்குவார். ஒழுகினால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையில் சொட்டும், அன்றைக்கே தெரியும். மேலே தட்டையாகக் காரை போட்ட மச்சு வீட்டில் அது தெரியாது. காரைக்குள் இறங்கிய தண்ணீர், சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பூட்டிய வீடு சாவதும் இதனால்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஒரே ஒரு ஓடு விலகும். சொட்டுகிற இடத்தில் வாளி வைக்க ஆள் இல்லை, மூன்று மழைக்காலம் போதும். பிறகு பழைய தூண் வாங்குகிறவர் லாரியோடு வருவார். எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. அவர் வாங்காவிட்டால் அது விறகு.

எங்கள் வீட்டில் ஆள் இருந்தும் தூண் இற்றது. காரணம் கூரையில்லை, சாலை. என் சின்ன வயதில் திண்ணைக்கு ஏற நான்கு படி. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது, அதற்குமேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. போன கார்த்திகையில் இரண்டு நாள் திண்ணையில் தண்ணீர் நின்றது. கட்டியவர்கள் ஆற்றுக்குக் கணக்குப் போட்டார்கள், தாருக்குப் போடவில்லை.

[காட்சி: உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்த ஜாக்கி. ஆசாரியின் ரம்பம்.]

ஆசாரி வந்தார். குனிந்தார், கீறினார்.

"தம்பி, அடி ஒரு முழம்தான் போயிருக்கு. மேல எல்லாம் வைரம். முழுத் தூணையும் எதுக்கு மாத்தணும்?"

ஜாக்கி வைத்து உத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கினார். இற்ற பகுதியை மட்டும் அறுத்து எடுத்தார். ஜப்பானியத் தச்சர்கள் இந்த இடத்தில் புது மரத்தை ஒட்டுப்போடுவார்கள். நெட்சுகி என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. நம் ஆசாரி மரம் வேண்டாம் என்றார். கீழே இருந்த பழைய கல்லை எடுத்துவிட்டு, உயரமான கருங்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் தூணை இறக்கினார்.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று பெரியப்பா கேட்டார்.

"கல்லு ஒன்றரை அடிங்க. ரோடு இன்னும் மூணு தடவை போட்டாலும் தாங்கும்."